லாரி டியூபில் செய்த இலைத்துளை

வேம்பூரணியில் குடை விற்றுக்கொண்டிருந்த ஒரே கடைக்காரரும் மனம் வெறுத்து மண்பானை விற்க ஆரம்பித்துவிட்ட ஒரு கோடையில், பெண்கள் கல்லூரியின் தாவரவியல் கூடத்தில் லாரி டியூபால் செய்து நிறுத்தியிருந்த இலைத்துளை, ஒருநாள் காலை யாரும் காற்றடிக்காமல் தானாகத் திறந்து மூச்சு விட்டது. முதலில் பார்த்தவள் கூடத்தைப் பெருக்க வந்த செல்லக்கிளி. அவள் கத்தவில்லை, விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. ஈரக்காற்று முகத்தில் அடிக்க அப்படியே நின்று வேர்வையை ஆற்றிக்கொண்டு, மிச்சக் கூடத்தையும் பெருக்கி முடித்து வெளியே வந்து, "டீச்சரம்மா, நீங்க செஞ்சது மூச்சு விடுது, குப்பையெல்லாம் பறக்குது, முன்னால ஒரு சாக்க விரிச்சுப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வகுப்பறைக்குப் போனாள். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான், அதிசயம் வந்தாலும் அது வேலைக்கு இடைஞ்சலா இல்லையா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

டீச்சரம்மா என்பது ஜெபக்கனி. மாணவிகளுக்கு மேடம், ஊருக்கு டீச்சர். தாவரங்களின் உள்ளமைப்பு அவர் எடுக்கும் பாடம். அதைப் படிக்க வந்த பெண்களில் பாதிப்பேர் விடிய எழுந்து தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சிகளைக் கட்டையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு, விரல்நுனி எரிய வந்து உட்காருகிறவர்கள். கூடத்தில் நுண்ணோக்கிகள் இரண்டு, அதில் ஒன்றுக்குப் பார்வை போய்விட்டது. டீச்சர் நந்தியாவட்டை இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு, மேலே செலோடேப்பை ஒட்டி மெல்ல உரித்து, அந்தப் படலத்தைக் கண்ணாடியில் வைத்துக் காட்டுவார். இலைத்தோலில் இருந்த துளைகள் அத்தனையும் அப்படியே அதில் பதிந்திருக்கும். பெண்கள் வரிசையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, "அய்யோ மேடம், உதடு மாதிரியில்ல இருக்கு" என்பார்கள். பார்ப்பது வரைக்கும் சரி. அந்த உதடுகள் எப்படித் திறந்து எப்படி மூடுகின்றன என்று பரீட்சையில் கேட்டால், கதவுபோல என்று எழுதி, கீலும் தாழ்ப்பாளும் வரைந்து, பாகங்களும் குறித்து வைப்பார்கள்.

டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. கதவுமில்லை தாழ்ப்பாளுமில்லை, எதிரெதிராக இரண்டே இரண்டு காப்புச் செல்கள், அவ்வளவுதான். உள்பக்கச் சுவர் தடித்தது, வெளிப்பக்கச் சுவர் மெலிந்தது. தண்ணீர் ஏறினால் மெலிந்த பக்கம் புடைத்து, தடித்த பக்கம் வில்லாக வளைந்து, நடுவில் வழி பிறக்கும். தண்ணீர் இறங்கினால் இரண்டும் துவண்டு ஒன்றையொன்று கட்டிக்கொள்ள, வழி அடைந்துபோகும். ஆள் நுழைகிற அளவில் ஒன்று செய்து காட்டினாலொழிய இந்தப் பிள்ளைகள் மண்டையில் ஏறாது என்று முடிவு கட்டியவருக்கு, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு லாரி டியூப்கள் ஞாபகம் வந்தன.

அவை அவர் புருஷனுடையவை. புருஷன் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி வைத்திருந்தார். நாங்கள் அவரைப் போர்வண்டி அண்ணாச்சி என்போம். அவர் கை வைத்த இடத்தில் தண்ணீர் வராமல் போனதேயில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அது அவருடைய சொந்த வீட்டு முற்றம். டீச்சர் ஒரு மாதுளங்கன்று வைக்க ஆசைப்பட்டார். அண்ணாச்சி வண்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தி, ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்க, பகலெல்லாம் துளைத்தார். வெள்ளைப் புழுதி வந்தது. வண்டியிலிருந்த குழாய் அத்தனையும் இறங்கிய பிறகும் புழுதிதான் வந்தது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் எங்கள் வாய் சும்மா இருக்காது. "ஊருக்கெல்லாம் கங்கை, வீட்டுக்குப் பல்பொடியா அண்ணாச்சி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். சிரிக்கிற கூட்டத்தில் நின்றதால் வந்த சிரிப்பு, அதில் வேறொன்றும் இல்லை. ஆனால் அண்ணாச்சி அந்த ஒரு சிரிப்பை மட்டும்தான் பார்த்தார். துளையின் மேல் ஒரு பாறாங்கல்லைத் தூக்கி வைத்து மூடினார். அந்த வாரமே ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர் வருஷக்கணக்காகத் திரும்பவில்லை.

செல்போன் வராத காலம். வண்டி இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். கூடப் போனவர்களின் வீடுகளுக்கு எப்போதாவது ஒரு கார்டு வரும், டீச்சர் வீட்டுக்கு மட்டும் வராது. தபால்காரர் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே மணி அடிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகப் பழகிவிட்டார்.

பஞ்சர் கடை அந்தோணி டியூப்களை அறுத்து நீட்டி, முனைகளைச் சூடுவைத்து அடைத்துக் கொடுத்தான். உள்பக்கச் சுவர் தடிக்க வேண்டுமே, அதற்குச் சாக்கை ஒட்டிப் பார்த்தார்கள், கிழிந்தது. பழைய சேலையை ஒட்டிப் பார்த்தார்கள், இழுத்த இழுப்புக்கு வந்தது. கடைசியில் டீச்சர் வீட்டுக்குப் போய் டிரங்குப்பெட்டியைத் திறந்து, அண்ணாச்சி வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையை எடுத்தார். கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக வெகுநேரம் இருந்துவிட்டு, கழுத்துப்பட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதைப் பட்டை பட்டையாக வெட்டினார். காக்கிப் பட்டைகளை உள்பக்கத்தில் ஒட்டி, பச்சைச் சாயம் பூசி, இரண்டு டியூப்களையும் மரச்சட்டத்தில் நிமிர்த்திக் கட்டி, சண்முகவடிவு என்கிற இரண்டாம் ஆண்டு மாணவி சைக்கிள் பம்பால் காற்றடிக்க, டியூப்கள் புடைத்து வளைந்து நடுவில் வழி விட்டன. பெண்கள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனார்கள், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தார்கள். அந்த ஆண்டுப் பரீட்சையில் யாரும் தாழ்ப்பாள் வரையவில்லை.

அப்படிச் செய்துவைத்த இலைத்துளைதான் செல்லக்கிளியின் முகத்தில் மூச்சு விட்டது.

ஏன் விட்டது என்று கேட்டவர்களைவிட எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். வெயில் ஏறத் தொடங்கும்போது திறக்கும், உச்சி வெயிலில் உயிருள்ள இலை செய்வதுபோலவே பாதி மூடிக்கொள்ளும், வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஒரு மூச்சு விடும், விளக்கு வைக்கும் நேரத்தில் அடைந்துவிடும். திறந்திருக்கும் நேரமெல்லாம் அதிலிருந்து குளிர்ந்த ஈரக்காற்று வந்துகொண்டேயிருக்கும். பூக்கட்டும் பெண்கள் கூடைகளைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தார்கள், மல்லிகை மாலைவரை வாடவில்லை. வீசிங்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அழுகிற குழந்தைகளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். காளியம்மன் கோயில்காரர்கள் சட்டத்தில் மஞ்சள் துணி கட்ட, மறுநாள் சபைக்காரர்கள் பக்கத்திலேயே ஒரு வேதவசனத்தை எழுதி மாட்ட, இரண்டுக்கும் நடுவில் டீச்சர் பாகங்கள் குறித்த படத்தைத் தொங்கவிட்டார். கல்லூரி முதல்வர் ராஜலெட்சுமி அம்மா, பாடவேளையில் பொதுமக்கள் பேசக்கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். அதனால் தாய்மார்கள் பேசாமல் உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் பாடத்தையும் கேட்டார்கள். சந்தையில் கத்தரிக்காய்க்காரியும் வெண்டைக்காய்க்காரியும் சண்டை போட்டுக்கொண்டபோது, "உனக்கு மேல்தோலும் தடிப்பு, உள்தோலும் தடிப்பு, துளையே கெடையாதுடி" என்று ஒருத்தி மற்றவளை ஏசினாள். பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வந்த குழு, திறந்து மூச்சு விடும் துளையின் முன்னால் நின்று தலைமுடி பறக்கப் பார்த்துவிட்டு, இது பாடத்திட்டத்தில் இல்லையே என்று குறிப்பெழுதிவிட்டுப் போனது.

எல்லோருக்கும் காற்று. டீச்சருக்கு மட்டும் அது வாசம்.

முதல்நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. பூமிக்குள் துளை இறங்கும்போது முதலில் காய்ந்த கல்புழுதி வாசம் வரும், பிறகு புழுதி கனக்கும், பிறகு தண்ணீர் தட்டுகிற அந்தக் கணத்தில், எத்தனையோ காலம் நனையாமல் கிடந்த கல் முதன்முதலாக நனைகிற ஒரு வாசம் எழும். அது மழை பெய்த மண்வாசம் இல்லை, அதைவிட ஆழம், அதைவிடக் குளிர்ச்சி. வேலை முடிந்து அண்ணாச்சி வீட்டுக்கு வருகிறபோது அவருக்கு முன்னால் அந்த வாசம் வரும், குளித்த பிறகும் போகாது, தலையணையிலும் இருக்கும். அந்த வாசம்தான் இப்போது துளையிலிருந்து வந்தது. சட்டைத்துணியில் ஊறியிருந்ததுதான் காற்றில் வருகிறது என்று டீச்சர் முதலில் மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் சட்டை வாசம் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இது நாளுக்கு நாள் மாறியது. ஒருநாள் கருங்கல் நனைந்த வாசம், ஒருநாள் செம்மண் குழைந்த வாசம், ஒருநாள் உப்புக் கரிக்கும், ஒருநாள் சுண்ணாம்பு நெடி. டீச்சர் முதல் மணி அடிப்பதற்கு முன்பே வந்து துளையின் முன்னால் நின்று கண்ணை மூடி மூச்சை இழுப்பார். இன்றைக்குச் சுண்ணாம்புக்கல் நாட்டில் இருக்கிறார். இன்றைக்கு ஏதோ கடற்கரைப் பக்கம். இன்றைக்குத் தண்ணீர் சீக்கிரம் தட்டிவிட்டது, மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். இப்படி நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார். புருஷன் உயிரோடு இருக்கிறார், வேலை செய்கிறார், தண்ணீர் காண்கிறார், தன்னிடம் மட்டும் வரமாட்டேன் என்கிறார். தெரியாமல் இருந்தபோது இருந்த ஏக்கத்தைவிடத் தெரிந்த பிறகு வந்த ஏக்கம் பெரிதாக இருந்தது. வாசத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை நாள் குடும்பம் நடத்த முடியும்?

ஒருநாள் வகுப்பில், இலையிலிருந்து நீராவி வெளியேறுவதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது சண்முகவடிவு எழுந்தாள். வடிவின் அப்பா சுடலைமுத்துவும் அதே வண்டியில் அண்ணாச்சியோடு போனவர்.

"மேடம், தொளை தெறந்திருக்கும்போது உள்ள இருக்கிறது மட்டும்தான் வெளிய வருமா? வெளிய இருக்கிறது உள்ள போகாதா?"

"போகுமே. ஒரே வழிதான். ஈரம் வெளிய வரும், காத்து உள்ள போகும். காத்து வேணும்னா ஈரத்தை இழந்துதான் ஆகணும். ஈரம் போயிருமேன்னு மூடிக்கிட்டா இலை பட்டினி."

"அப்பன்னா நம்ம பக்கத்துக் காத்தும் இதுக்குள்ள போய்க்கிட்டுதான் மேடம் இருக்கும்?"

டீச்சர் சுண்ணாம்புக்கட்டியை மேசைமேல் வைத்தார். இத்தனை வருஷமாக வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்த பாடம், அதைத் தனக்கு என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, துளை கடைசி மூச்சு விடும் நேரத்தில், டீச்சர் அதன் பக்கத்தில் போனார். சொல்ல எத்தனையோ இருந்தது. அன்றைக்குச் சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டும், மாதுளை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், வந்தால் போதும் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் கூப்பிட வேண்டுமே. கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்டு வந்ததுபோலவே, கூச்சத்தோடு, தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

"என்னங்க."

துளை அதை வாங்கிக்கொண்டு மூடியது.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஆண்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். பம்பாயில் முறுக்குக் கடையில் இருந்த லிங்கம் முதலில் வந்தான், பிறகு நாக்பூரிலிருந்து ஒருவர், கல்கத்தாவிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர், போர்வண்டியில் போனவர்களும் ஒவ்வொருவராக. ஒவ்வொரு பேருந்திலும் தோளில் பையும் தாடியுமாக யாராவது இறங்கினார்கள். கேட்டால் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். வேலையில் இருந்தபோது முதுகுக்குப் பின்னால் பொண்டாட்டி கூப்பிட்டாள், திரும்பிப் பார்த்தால் ஆளில்லை, அதற்கு மேல் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமாகாத பையன்கள் யாரும் வரவில்லை.

லிங்கத்தின் பெண்சாதி மட்டும் கொஞ்சம் விவரமானவள். "நான் எங்க கூப்பிட்டேன்? எனக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கத்தான் நேரம் கெடக்கா? உள்ளதச் சொல்லுங்க, எவ கூப்பிட்டா?" என்று அவனை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டாள். அந்தச் சண்டையைத் தெருவே கேட்டது, அந்தப் பக்கமாகக் குடை பிடித்துக்கொண்டு போன டீச்சரும் கேட்டார். எல்லாப் பெண்சாதியும் எல்லாப் புருஷனையும் கூப்பிடுகிற ஒரே சொல் அந்த 'என்னங்க'. காற்று பாவம், அதை யாரிடம் என்று கொண்டு போகும்? வழியில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறது. அடுத்தடுத்த நாட்களிலும் டீச்சர் போய்க் கூப்பிட்டார், வேறு எப்படிக் கூப்பிடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. இன்னும் ஆட்கள் வந்தார்கள். ஊரில் ஒவ்வொரு வீடாக இரண்டு குரல் கேட்க ஆரம்பித்தது. டீச்சர் வீட்டில் மட்டும் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது.

கடைசியாகச் சுடலைமுத்து வந்தார். வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகாமல், வழியில் பார்த்த மகள் வடிவையும் கூட்டிக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் பாறாங்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அவுக நல்லா இருக்காகளா?" என்று கேட்டார் டீச்சர்.

"இருக்காக டீச்சர். நான்தான் கடைசி ஆளு, இப்ப வண்டியில அவுக மட்டும்தான் நிக்காக."

"அவுகளுக்குக் கேக்கலையா?"

"கேக்காம என்ன? எங்களுக்கு முந்தி அவுகளுக்குத்தான் கேக்கும். நாங்க அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாப்போம், அவுக மட்டும் திரும்பமாட்டாக. லீவரப் பிடிச்ச கையி பிடிச்சபடி முதுகக் காட்டிக்கிட்டே, 'டேய், ஒன் வீட்டுல கூப்பிடுதாக, கெளம்பு'ன்னு ஒவ்வொருத்தனையா அனுப்பி வச்சாக. நான்தான் கேட்டேன், ஒங்களயே கூப்பிடுததா இருக்கப்போகுது அண்ணாச்சின்னு. 'டீச்சர் என்னத்துக்குடா என்னயக் கூப்பிடப்போறா, அவ முத்தத்துல ஒரு சொம்புத் தண்ணிக்கு வக்கில்லாதவன் நான்'னுட்டாக."

டீச்சர் பாறாங்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். வடிவுதான் மெல்லச் சொன்னாள். "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க மேடம். பேரச் சொன்னா அவுக வேற யாருன்னு நெனைக்க முடியும்?"

சொல்வது லேசு. ஜெபக்கனி டீச்சர் புருஷன் பெயரைச் சொல்லி எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார், ஆஸ்பத்திரியில் கேட்டால் எழுதிக் காட்டுவார். அண்ணாச்சியின் பெயர் ஏசுவடியான். புருஷன் பெயரில் பாதி வந்துவிடுமே என்று, டீச்சர் சபையில் ஜெபம் பண்ணும்போதுகூட ஆண்டவரே, கர்த்தரே என்பாரே தவிர அந்தத் திருநாமத்தைச் சொன்னதில்லை. பாதிரியார் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டதற்கு, ஆண்டவருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும், ஊருக்குத்தான் தெரியாது என்றார். எம்.எஸ்ஸி. படித்தவர், செடிகளின் லத்தீன் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர், இந்த ஒரு பெயரில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெயர் சொன்னால் ஆயுசு குறையும் என்று அவர் அம்மா சொல்லியிருந்தார். அதை நம்புகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். ஆனாலும் சொல்லமாட்டார்.

இதற்கு நடுவில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி குருசாமி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். இந்த ஈரக்காற்றில் குச்சி மருந்து காய்வதில்லை, காய்ந்ததும் நமுத்துப்போகிறது, இவர் பெட்டியில் உரசினால் எரிவதற்குப் பதிலாகக் குச்சி வளைகிறது என்று வடக்கே ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள். "காத்து வேணுந்தான், ஆனா அடுப்பெரிய வேணாமாம்மா?" என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஊரில் பாதிச் சோறு அந்த ஆபீசில்தான் வேகிறது. டியூப்களும் கிழடு தட்டி, அந்தோணி ஒட்டிய ஒட்டுக்கு மேல் ஒட்டாகக் கிடந்தன. ராஜலெட்சுமி அம்மா டீச்சரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையோடு கழற்றிவிடலாம் என்றார்.

"கடைசியா ஒரு கிளாஸ் எடுத்துக்கிறேம்மா" என்றார் டீச்சர்.

அந்தக் கடைசி வகுப்புக்கு ஊரே வந்தது. மாணவிகள் பெஞ்சில், தாய்மார்கள் தரையில், திரும்பி வந்த ஆண்கள் ஜன்னலுக்கு வெளியே, குருசாமி முதலாளிகூட வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார். டீச்சர் பாடத்தை முதலிலிருந்து நடத்தினார். காப்புச் செல் எது, தடித்த சுவர் எது, மெலிந்த சுவர் எது என்று காட்டினார். தடித்த சுவர் என்று காக்கித்துணியைத் தொட்டபோது விரலை எடுக்காமல் கொஞ்சம் நின்றார். திறந்தால் ஈரம் போகும், மூடினால் பட்டினி என்று சொன்னார். பிறகு டஸ்டரை மேசைமேல் வைத்தார், சேலைத்தலைப்பால் கையைத் துடைத்தார், முன்வரிசைக் கூடைகளை ஒதுக்கச் சொல்லிவிட்டுத் துளையின் முன்னால் போய் நின்றார். அன்றைக்கு வந்துகொண்டிருந்தது காய்ந்த புழுதி வாசம். தனியாக நின்று எங்கோ துளைத்துக்கொண்டிருக்கிறார், தண்ணீர் இன்னும் தட்டவில்லை.

டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"ஏசுவடியான்!"

கல்யாணமாகி இருபது வருஷம் உள்ளேயே கிடந்த பெயர், அதனால் அது சொல்லாக வரவில்லை, அடிவயிற்றிலிருந்து கூக்குரலாக வந்தது. "ஏசுவடியான்! நான்தான் கூப்பிடுதேன்! ஜெபக்கனி கூப்பிடுதேன்! தண்ணி வேண்டாம், நீங்க வாங்க!"

துளை அதுவரை நாங்கள் பார்க்காத அளவுக்கு அகன்றது. அதுவரை வெளியே விட்ட மூச்சையெல்லாம் திருப்பிக் கேட்பதுபோல இழுத்தது. மல்லிகை போனது, சுண்ணாம்புப்பொடி போனது, வசனம் எழுதிய தாளும் மஞ்சள் துணியும் சேர்ந்து போயின, எங்கள் ஊரின் கருவாட்டுக்குழம்பு வாசமும் தீக்குச்சி மருந்து நெடியும் தலைக்கு வைத்த எண்ணெய் வாசமும் போயின. பிறகு டியூப்கள் இரண்டும் துவண்டு, ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, அடைந்துவிட்டன. சபைக்கிழவி ஒருத்திதான், "இன்னைக்குத்தான் டீச்சர் வாயில ஏசு வந்தாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அது திறக்கவில்லை. கழற்றவும் யாரும் வரவில்லை, கழற்றுவதற்குக் காரணமும் இல்லாமல் போனது. குச்சிகள் காய்ந்தன, மல்லிகை மத்தியானமே வாடியது, வீசிங்காரர்கள் பழையபடி வேப்பமரத்தடிக்குப் போனார்கள். நாங்கள் ஒவ்வொரு பேருந்தையும் பார்த்தோம். டீச்சர் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்தார். வாசமும் போய்விட்டதே என்றுதான் அவருக்கு இருந்தது, உள்ளதையும் கூப்பிட்டுத் தொலைத்துவிட்டோமே என்றுகூட இருந்தது.

"மேடம், இலைத்துளை எதுக்கெல்லாம் மூடும்?" என்று ஒருநாள் வடிவு கேட்டாள்.

"வேருக்குத் தண்ணி கெடைக்கலைன்னா மூடும். இல்லைன்னா, உள்ள போதுமான காத்து சேந்துட்டாலும் மூடும்."

"அப்ப இது எதுக்கு மூடுச்சு?"

"வெளிய இருந்து பாத்தாத் தெரியாதும்மா. இலை பழுக்குதா, துளிர் விடுதான்னு இருந்துதான் பாக்கணும்."

இருந்துதான் பார்த்தார். காக்கிச் சட்டையின் கழுத்துப்பட்டையைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு, எழுந்து, வகுப்பெடுத்து, திரும்பி வந்து, அடுத்த நாள் செய்முறைக்கு இலைகளைத் தயார் செய்துகொண்டு இருந்தார். அப்படி ஒரு சாயங்காலம், முற்றத்தில் பாறாங்கல்லின் மேல் நந்தியாவட்டை இலைகளைப் பரப்பி ஒவ்வொன்றின் அடியிலும் நகப்பூச்சைத் தடவிக்கொண்டிருந்தபோது, நகப்பூச்சு நெடியைத் தாண்டி அந்த வாசம் வந்தது. நனையாத கல் முதன்முதலாக நனைகிற வாசம். டீச்சர் நிமிரவில்லை. வராத வாசம் வருவதாகத் தோன்றுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. கையிலிருந்த இலையை முடித்துவிட்டு அடுத்த இலையை எடுத்தார்.

பின்பக்கத்து ஷெட்டில் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, காலையில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியவர்போல ஒரு குரல் கேட்டது.

"டீச்சர், இங்க ரெண்டு டியூப்பு தொங்க விட்டிருந்தேனே, எங்க?"

தலைமுதல் கால்வரை சாம்பல் புழுதி படிந்து, தலை முழுக்க நரைத்து, உடம்பில் பாதி கரைந்து அண்ணாச்சி ஷெட்டு வாசலில் நின்றார். டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இலை பரப்பியிருந்த கல்லைப் பார்த்தார், உடனே வேறெங்கோ பார்த்தார்.

"வண்டி நாலுமுக்கு ரோட்டுல நிக்கி. ரெண்டு வீலும் காத்தில்ல. மாத்துக்கு ஒண்ணும் கெடையாது, இங்க கெடக்குமேன்னு நடந்து வாரேன்."

"காலேஜுல இருக்கு" என்றார் டீச்சர்.

"அங்க என்னத்துக்கு?"

டீச்சர் நகப்பூச்சுக் குப்பியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். அண்ணாச்சிக்கு எப்போதும் நிற்கத் தெரியாது. "சரி, போய் எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே, வந்த வாசமும் அவரோடு போக, வேலிக்கதவைத் தள்ளித் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். அதே முதுகு. வடக்கே போன அன்று டீச்சர் கடைசியாகப் பார்த்த அதே முதுகு.

டீச்சர் தெருவுக்கு ஓடினார். ஊருக்கு முன்னால் ஒருதரம் சொல்லிவிட்ட பெயர்தான், இன்னொருதரம் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அண்ணாச்சி கண்ணுக்கு எதிரே இருக்கும்போது அது எப்படி வரும்? வருஷக்கணக்காக வந்ததுதான் வந்தது, கூச்சத்தோடு, ஆனால் இந்தமுறை தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"என்னங்க!"

லிங்கம் திரும்பினான். சுடலைமுத்து திரும்பினார். பஞ்சர் கடையிலிருந்து அந்தோணி எட்டிப் பார்த்தான். குருசாமி முதலாளி நடந்துபோன நடையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். தெருவிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் திரும்பினார்.